மிச்சம் நாலு

புதன்தோறும் வென்ட்வர்த் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
லிஃப்ட் ஓடும் நாளில்தான்
எனக்கு மூளை என்று ஒன்று மிஞ்சும்.
மற்ற நாளில் படிக்கட்டு வாங்கிக்கொள்ளும்.

நுரையீரலுக்கு வந்தவளிடம் எதற்கு மனக்கணக்கு
என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன்.
காற்று குறைந்தால் முதலில் விளக்கு மங்குவது
மேல் அறையில்தான், மிஸஸ் பொன்னுசாமி,
என்று நெற்றியைத் தட்டிக் காட்டினாள் நொம்புமெலேலோ.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்க வேண்டும்.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
அப்புறம் இருமல்.
இருமி முடித்ததும், விழுந்த எண்ணை
மேஜைக்கடியில் தேடுகிறவள்போல் குனிந்திருந்தேன்.

பன்னிரண்டு பன்னிரண்டாகச் சொல்லட்டுமா?
எண்பத்தெட்டு எழுபத்தாறு அறுபத்து நான்கு
ஐம்பத்திரண்டு நாற்பது
இருபத்தெட்டு பதினாறு நாலு.
நடுவில் இரண்டே மூச்சு.
ஜேக்கப்ஸில் இருபத்தாறு வருஷம் காலர் தைத்தவள் நான்.
டஜன் கட்டி மிச்சம் விழுந்த நாலுக்காக
எத்தனை பஸ்ஸை விட்டிருப்பேன்.
பஞ்சுத் தூசியும் அங்கே சேர்ந்ததுதான்,
கணக்கில் ஏறாமல்.
சிரித்தாள். ஆனாலும் ஏழுதானாம்.
கைக்குப் பழகியது பயிற்சி ஆகாதாம்.

அடுத்தது படங்கள். ஒவ்வொன்றாக வந்து மறையும்:
குடை, மீன், சாவி, மீன்.
இரண்டுக்கு முன் வந்தது மறுபடி வந்தால்
பச்சைப் பொத்தான்.
இதில் கனி பாய்தான் ராஜா.
மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், விரல் பொத்தானில்,
கண் என் திரையில்.
"சாவி, சிஸ்டர், சாவி!"

வீட்டில் நீல பஃப் இழுத்தேனா, இல்லையா?
அதற்குப் பொத்தான் கிடையாது.
ஆட்டிப் பார்க்கிறேன்;
இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அதே சத்தம்.
மெர்பேங்கில் காற்று தெற்கே திரும்பினால்
ஜன்னலைச் சாத்த வேண்டும்,
அது மட்டும் மறப்பதில்லை.

இந்தப் புதன்
எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி
கோட்டைக் கழற்றாத ஒரு புது ஆள்.
நொம்புமெலேலோ பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
சுத்தமாயிருந்த டேப்லெட்டை இன்னொரு தரம் துடைத்தாள்.

குடை. மீன். குடை.
நான் அழுத்தவில்லை.
திரை சிவந்தது.

இதில் என்ன செய்யணும், என்றார் புது ஆள்.
இரண்டுக்கு முன்னால் யார் இருந்தார் என்று
ஞாபகம் வைக்கணும்.
யாரா?
எது. எது என்று சொல்ல வந்தேன்.
கோட்டைக் கழற்றுங்கள், இங்கே புழுக்கம்.