பிஸ்கட்டுக்கு வடித்த சோறு

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை
என் கடையிலேயே பன்னிரண்டு பிரதி எடுத்தேன்.
மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
வில்லங்கம், வாரிசு, பாகப்பிரிவினை என்று
ஊர்ச் சண்டையெல்லாம் விழுங்கிய ஜெராக்ஸ் மெஷின்
அன்றைக்கு
அரிசி மைதா உருளை சர்க்கரை பேரீச்சை என்று
வீட்டைவிட்டுத் தள்ளிவைத்த உறவுக்காரர்களின் பெயர்களைச்
சூடாகத் துப்பியது.

ஒன்றை அரிசிப் பானையில் ஒட்டினேன்.
ஒன்றை அடுப்புக்கு மேலே.
குடிலுக்குப் பக்கத்தில் ஒன்றைக் கொண்டுபோனபோது
செசிலி அண்ணி கேட்டாள்,
"பாலன் ஏசுவுக்குமா பத்தியம்?"

புரட்டாசியில் ஜிப்மரில்
பெர்க்மான்ஸ் அண்ணனுக்கு இரண்டு கால்விரல் போயிற்று.
"எட்டு இருக்குல்ல" என்றார்,
ஊற்றி முடித்த பாட்டிலைக் கீழே வைப்பதுபோல.
இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமையல் நான்தான்
என்று நான் சொன்னது
அந்த எட்டை நினைத்துத்தான்.

விடிகாலை ஐந்துக்கு முதுநகர் துறைமுகம்.
வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு
சங்கரா வாங்கினேன்.
மாவு தொடாமல்
மிளகும் பூண்டும் மட்டும் அப்பி வைத்தேன்.
ஆட்டுக்கால் தனியே கொதித்தது.
வாழைப்பூவை ஆய்ந்தே
ஜெனோவாவின் விரல் கறுத்துப்போனது.

காலிஃப்ளவர் நாலு.
துருவித் துருவி என் தோள் கழன்றது.
பட்டை, லவங்கம், புதினா, தேங்காய்ப்பால்,
தம் போட்டு மூடித் திறந்தால்
தெருமுனை வரைக்கும் பிரியாணிதான்.
மூக்கை ஏமாற்றிவிடலாம்.
நாக்கு கோர்ட்டுக்குப் போகும் ஜாதி.

பாதாம் மாவில் கேக்.
நடுவில் இறங்கிப் பள்ளமாகிவிட்டது.
"இதுக்கும் ஆபரேஷனா சித்தப்பா?" என்றாள் ஜெனோவா.
அண்ணன்தான் முதலில் சிரித்தார்.
அப்புறம்தான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு.
நாயின் பெயர் பிஸ்கட்.
அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம்
அண்ணனும் திரும்பிப் பார்க்கிறார்.
காலிஃப்ளவரை முகர்ந்துவிட்டு
என்னை ஒரு பார்வை பார்த்தது, பாருங்கள்.
அதற்கென்று எந்த டாக்டரும் எழுதவில்லையே,
பொன்னி அரிசி கொஞ்சம் வடித்து
எலும்புக் குழம்பை ஊற்றிப் பிசைந்து
துவைக்கிற கல் பக்கத்தில் வைத்தேன்.
வெள்ளையாய் ஆவி பறந்தது.
அந்நேரம் கொல்லைப்பக்கம்
எல்லாருக்கும் ஏதோ வேலை இருந்தது.

நடுச்சாமப் பூசை முடிந்து
பட்டாசுப் புகைக்குள் வீடு திரும்பி
இலை போட்டோம்.
அருமை என்றாள் அண்ணி.
அருமை என்றார் அண்ணன்.
பிரமாதம் என்றேன் நானே.
சோறு இருக்கவேண்டிய இடத்தில்
பாராட்டு குவிந்துகிடந்தது.

படுத்தபின் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள்
இரண்டு தடவை கேட்டது.

காலையில் பார்க்கிறேன்,
பிஸ்கட்டின் சட்டி பாதிக்குமேல் காலி.
குழம்பின் ஓரத்தில்
நாலு விரல் வழித்த தடம்.
நாய்க்கு ஏது விரல்?
அண்ணனால் குனிந்து தரையில் உட்கார முடியாது.
கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

நாற்காலியில் இருந்தபடி
அவர் தன் விரலில் ஊசி குத்திக்கொண்டார்.
நூற்றுப் பதினெட்டு.
ஜெனோவா கைதட்டினாள்.
நான்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
"சரி, பண்டிகை நாளு,
எல்லாருக்கும் பார்த்துடுவோம்.
அடுத்தது யாரு?"
என்று மெஷினை நீட்டினார்.

அண்ணி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
வளையல் இடுக்கில் ஒரு பருக்கை
காய்ந்து ஒட்டியிருந்தது.

எனக்குக் கடையில்
அவசரமாய் ஒரு வேலை ஞாபகம் வந்தது.
கிறிஸ்துமஸ் அன்றைக்கு.
கோர்ட் லீவு.