கணுக்கால், முழங்கால், இடுப்பு

பாசிக்குடாவில் மூடிப்போன ஹோட்டலின் பின்வளவில்
நாயுருவிக்குள் கவிழ்ந்து கிடந்தது படகு.
பதினாலு அடி. பாயில் மட்டும் இரண்டு எலிக்கடி.
குகதாசன் விலை பேசிக்கொண்டிருக்க
நான் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தேன்,
வத்தகப்பழம் வாங்குகிறவள்போல.

இழுவைப்பெட்டி கோப்பாயில் செய்தது.
அச்சு ஒரு பழைய லான்ட்மாஸ்டருடையது.
வெல்டிங் மரியநாயகம் ஒன்றே ஒன்று சொன்னார்:
"சில்லுக் குடத்தில தண்ணி தொட்டவுடன நில்லுங்கோ.
மிச்சத்தைத் தள்ளுங்கோ.
உள்ளுக்கு உப்புப் போச்செண்டால்
பண்ணைப் பாலத்தில குந்தியிருந்து அழுவியள்."

லீவு நாலு நாள். பங்குனிக் கடைசி.
வாடை ஓய்ந்து, சோழகம் எழும்பாத இடைவெளி.
காற்றே இல்லாமலும் போகலாம்.
அதற்குத் துடுப்பு இரண்டு,
துடுப்புக்குச் சண்டை பிடிக்க நாங்கள் இருவர்.

சாப்பாட்டு மேசையில் தீவுகளை விரித்து
நாலு மூலைக்கும் நாலு போத்தல்.
மிளகாய்த்தூள் நெடுந்தீவின் மேல்;
அங்கே போவதாக இல்லை, திறந்த கடல் எங்களுக்குப் பெரிசு.
சாட்டியில் இறக்கி, குடாவுக்குள் இரண்டு நாள்.
பிறகு கரையேற்றி, பாய்மரத்தைச் சாய்த்து,
வாணர் பாலத்தை ரோட்டால் கடந்து
மற்றப் பக்கக் கடலில் விடுவது.
"பாலம் மறிச்சால் என்ன,
புங்குடுதீவு பஸ்சுக்குப் பின்னால போற படகு எங்கட"
என்று சொன்னபோது
மணவறையில் இருந்ததைவிட மினுங்கினான் குகதாசன்.

படத்தில் ஆழம் அடிக்கணக்கில், யாரோ எப்போதோ அளந்தது.
எங்களுக்கு நண்டு தருகிற செபமலரிடம் காட்டினேன்.
கண்ணாடி இல்லாமல் பார்த்தாள்,
கண்ணாடி போட்டுப் பார்த்தாள்,
"இது கடதாசி" என்றாள்.
பிறகு விரலை வைத்தாள்.
"இதில கணுக்கால். இதில முழங்கால்.
இந்த ஓடைக்குள்ள இடுப்பு,
வத்து நேரம் இதுவும் கணுக்கால்தான்.
சிறகுவலைக் கம்பு நிண்டால் சுத்திப் போங்கோ.
கம்பு தெரியாட்டி இன்னும் சுத்திப் போங்கோ."
எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தேன்.
குகதாசன் கேட்டான்:
"ஆற்றை இடுப்பு?"

கந்தோரில் ஒரு படிவம்.
நீளம். நிறம். இயந்திரம்: இல்லை.
பாவனை: மீன்பிடி, பயணிகள், சரக்கு, சுழியோட்டம்.
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்த பெடியன்
"எதுக்கு, மிஸ்?" என்றான்.
"சும்மா."
"சும்மாவுக்குக் கட்டம் இல்லை, மிஸ்."

அவன் சொன்னது சரிதான்.
எங்கள் ஆட்களில் இந்தத் தண்ணீரில் இறங்கியவர் எல்லாரும்
எதற்காகவோ இறங்கியவர்கள்.
நான் ஒரு தரம். ஆறு வயது. கிளாலி. இரவு.
வள்ளத்தின் அடியில், அரிசிப் பையோடு பையாக.
ஆழம் எவ்வளவென்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
வெளிச்சம் ஒன்று தூரத்தில் எழும்ப
யாரோ என் முகத்தில் துவாயைப் போட்டு மூடினார்கள்.
ஈரத் துவாய். வேறு ஆருடையதோ.

பெடியன் கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
"வேறு" என்று எழுதிக் கோடு போட்டான்.
கடற்படைக்கு ஒரு பிரதி. பதில் வர இரண்டு கிழமை.

இரவு பட்டியல் எழுதினோம்.
தண்ணீர்க் கான் நாலு. மிதவை அங்கி இரண்டு.
மண்ணெண்ணெய் அடுப்பு, அவல், மாசிச் சம்பல்.
துவாய் இரண்டு, என்று எழுதினான்.
ஒன்று போதும், என்றேன்.
நான் வெயிலில் காய்ந்துகொள்வேன்.
ஏனென்று கேட்கவில்லை, வெட்டினான்.

பதில் இன்னும் வரவில்லை.
எலிக்கடிக்கு ஒட்டுத் தைத்தாயிற்று, நீலத்தில் சிவப்பு;
நூல் அதுதான் இருந்தது.
விடிய எழும்பிப் பார்க்கிறேன்,
முற்றத்தில் பூவரசங் கம்பொன்றை நிமிர்த்திப் பிடித்து
தன் இடுப்பளவில் கத்தியால் வெட்டுக் குறிக்கிறான்.
என்னையும் கூப்பிட்டு நிறுத்தி
நாலு விரல் கீழே இன்னொரு வெட்டு.
மூன்றாவது செபமலருக்கு.
அவள் எங்கள் இருவரையும்விட உயரம்;
எவ்வளவு என்பதில்தான்
தேத்தண்ணி ஆறும்வரை பிடுங்குப்பட்டோம்.