இரண்டு கோடு

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது யூரோ.
விட்டுக்கொடுத்த அந்த ஒற்றை யூரோவுக்கு
யுவாஸ்குலாவில் அரைக் காப்பிகூட வராது.

நிலாவின் பள்ளத்தைப் படம்பிடிக்கும் என்றான் கடைப்பையன்,
தண்ணீரில் அரைமணி கிடந்தாலும் சாகாதாம்.
"கூப்பிட்டால் கேட்குமா?" என்றாள் ராய்லி.
கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான்.

பதினாறு வருடம் தொழிற்சாலையில்
ஆன்டெனா சோதித்த கை அது.
பற்றுவைப்பு பிசகினால் நகமே சொல்லிவிடும்.
இந்தக் கண்ணாடிப் பலகையிலோ
நகம் வைக்க இடமில்லை.

வீட்டுக்கு வந்தால் ஒரு கோடு.
அடுப்படியில் அதுவும் இல்லை.
ஊலுவிலிருந்து மகள்:
"அம்மா, புது... எவ்வள..."

கடையைத் திட்டினாள். கோபுரத்தைத் திட்டினாள்.
மூன்றாம் நாள்தான் உறைத்தது,
போன கோடையில் மாட்டிய மூன்றடுக்கு ஜன்னல்.
குளிரை மறிக்கும் உலோகப் பூச்சு
மர்யுக்காவையும் மறித்திருக்கிறது.
அதற்கு நாலாயிரம், தவணை இன்னும் முடியவில்லை.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஒரு விரற்கடை திறந்தாள்.
இரண்டு கோடு!
மணி அடித்தது.
கையுறை விரலைத் திரை மதிக்கவில்லை,
மூக்கு நுனியால் தொட்டு எடுத்தாள்.

"நல்ல போன்தான்" என்றாள்,
முதுகுக்குப் பின்னால்
ரேடியேட்டர் தெருவைச் சூடாக்கிக்கொண்டிருக்க.