அடுத்தவர் பூட்டின் வழியாக

நார்வேயின் வடகோடி. மொட்டை மலை. ஒரே கோபுரம்.
வேலிக்கதவில் ஒரு சங்கிலி;
அதில் கண்ணிகளாகவே கோத்த நான்கு பூட்டுகள்:
ராணுவம், கடல்மீட்பு, மின்வாரியம், கலைமான் மேய்ப்பர் சங்கம்.
எதைத் திறந்தாலும் கதவு திறக்கும்.
பூட்டும்போதுதான் கவனம் வேண்டும்,
அடுத்தவர் பூட்டின் வழியாகப் பூட்ட வேண்டும்.

அக்டோபரில் விரல் மரத்த சிப்பாய் எவனோ
எங்கள் பூட்டை விட்டுவிட்டு மாட்டிப் போய்விட்டான்.
மூன்று மணி நேரம் பனிவண்டியில் ஏறி வந்தேன்.
என் சாவிக்கு என் பூட்டு திறந்தது.
கதவு திறக்கவில்லை.

உள்ளே, தரையில் மஞ்சள் கோடு.
அந்தப் பக்கம் அவர்கள் பெட்டிகள், மேலே திரை.
பார்க்கமாட்டேன், சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஆனால் ஹீட்டர் ஒன்றுதான்.
அது கோடு பார்ப்பதில்லை.
என் ஈரக் கையுறை அவர்கள் பக்கம்தான் காயும்.

பதிவேடும் ஒன்றுதான்.
“டீசல் நாற்பது லிட்டர். எங்கள் கணக்கு. ஈலிஃப், கார்ப்பரல்.”
“எலி. கொன்றுவிட்டோம். கடித்தது உங்கள் கம்பியைத்தான்.”

ஜனவரியில் புகார் வந்தது:
ராணுவ அலைவரிசையில் அந்நியக் குரல்.
இரண்டு இரவு தேடினேன்.
மேய்ப்பர் ஆஸ்லாட்டின் குரல் அது,
மச்சானிடம் ஏதோ முணுமுணுக்கிறது.
கோபுரத்தின் பாதி உயரத்தில் துருப்பிடித்த ஒரு போல்ட்
இரண்டு அலைகளை வாங்கி
மூன்றாவதாக ஒன்றைத் துப்பிக்கொண்டிருந்தது.
எந்த வரைபடத்திலும் அது இல்லை.
நான்கு பேரும் எங்களுடையது இல்லை என்றார்கள்.

எழுதினேன்: “போல்ட். துரு. மாற்றியாயிற்று. ரான்வெய்க்.”

அடுத்த முறை வந்தபோது
கீழே ஈலிஃபின் கோணல் எழுத்து:
“மூன்று வாரமாக அவர் மான் எண்ணுவதைக்
கேட்டுக்கொண்டே காவல் இருந்தோம்.
எங்களில் ஒருவனுக்கு அந்த மொழி தெரியும்.
இத்தனையில் நின்றுபோனது, மிச்சம் கிடைத்ததா?”

எண்ணையும் எழுதியிருந்தான்.
தெற்கத்திப் பையன், தெரியாது அவனுக்கு:
இங்கே ஒருவரிடம் மான் எத்தனை என்பது
அவர் சட்டைப்பைக்குள் கைவிடுவது.

கறுப்பு மார்க்கரை எடுத்தேன்.
அவர்கள் காகிதங்களில் அவர்கள் செய்வதுபோல்
அந்த எண்ணின் மேல்
தடிப்பாக ஒரு கோடு இழுத்தேன்.
பக்கத்தில், “கிடைத்தது” என்றேன்.

பிறகு வெளியே வந்து
ராணுவத்தின் பூட்டுக்குள் எங்கள் பூட்டை நுழைத்து
இருமுறை இழுத்துப் பார்த்தேன்.