இரவு அரை

சவர அலகால் குளிசை பிளக்கப் பழகிவிட்டேன்.
நடுவில் கோடு கிடக்கிறதுதான்,
என்றாலும் ஒரு பாதி எப்போதும்
மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது.
எதை இன்றைக்கு, எதை நாளைக்கு,
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பழுப்பு உறையில் சரிந்த எழுத்து:
விதுர்ஜன், வயது 12,
இரவு அரை.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி வாங்கில்
ஏழு கிளினிக் இருந்தாயிற்று.
பக்கத்தில் இருந்தவர் கேட்டார், "ஆருக்கு வருத்தம்?"
"எனக்குத்தான்" என்றேன்.

முந்தி,
செட்டிபாளையம் சந்தியில் என் பான் வண்டிப் பாட்டுக் கேட்டால்
வகுப்பு ஜன்னலால் பாய்ந்து வருவான்.
மாலு பணிஸ் தட்டை றோட்டில் கவிழ்த்த நாள் உண்டு.
தங்கச்சியின் கையில் நாலு தையல் விழுந்த நாளும்.
அதிபர் கடிதம் தந்தார்.
பெரியம்மா நூல் கட்டினா.
களுதாவளையில், வெற்றிலைத் தோட்டத்துக் கிணற்றுக் கட்டில் ஏறி
"விழட்டா? விழட்டா?" என்று சிரித்தான் ஒரு மத்தியானம்.
அதற்குப் பிறகுதான் குளிசை.

இப்போது பாய்வதில்லை.
கணக்கில் ஐம்பத்திரண்டு.
தங்கச்சி அவனுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிறாள்.
மூன்று பணிஸ் தின்று நாலாவதுக்குக் கை நீட்டுகிறான்,
காற்சட்டைப் பொத்தான் பூட்டுப்படவில்லை.
பாட்டுக் கேட்டால் தலையைத் திருப்புவான்.
அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில்தான் குவைத்தில் அவளுக்குப் போன் கிடைக்கும்.
திரையில் முகம் நின்று நின்று வந்தது.
"இவன் ஏன் சிரிக்கிறான் இல்ல?
என்ட புள்ளய என்ன செஞ்சு வெச்சிரிக்கீங்க?"
லைன் அறுந்துவிட்டது. கேள்வி அறவில்லை.

அன்றிரவு நான் அலகை எடுக்கவில்லை.
அடுத்த இரவும்.
அதற்கடுத்த இரவும்.
டொக்டரைக் கேட்டால் வேண்டாம் என்பா,
அதனால்தான் கேட்கவில்லை.

மூன்றாம் இரவு அவன் பாடினான்.
பான் வண்டிப் பாட்டு,
சோற்றுக் கோப்பையில் தட்டித் தட்டி, பிழை பிழையாக.
கதவு நிலையில் நின்று கேட்டேன்.
கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.
அவளுக்கு அனுப்பப் பதிவும் செய்தேன்.

பாட்டு நிற்கவில்லை.
பத்து மணிக்கும் நிற்கவில்லை. ஒரு மணிக்கும்.
இரண்டுக்குக் கோப்பை சுவரில் பட்டு நெளிந்தது.
தங்கச்சி தலையணையை எடுத்துக்கொண்டு
ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனாள்,
வழி தெரிந்த ஆள் மாதிரி.
உள்ளே கொண்டி விழும் சத்தம்.

மூன்றரைக்கு நான் பேக்கரியில் நிற்க வேண்டும்.
நிலத்தில் இருந்தேன்.
அவன் வந்து எனக்கு முன்னால் குந்தினான்,
உதடு காய்ந்து, கை இன்னும் தாளம் போட.

"அப்பா, உறைக்குள்ள நாலு கிடக்கு.
ரெண்டரைதான் கிடக்கோணும்."

எண்ணியிருக்கிறான்.
நான் பிளந்த ஒவ்வொரு இரவும் எண்ணியிருக்கிறான்.

"குளிச போட்டா பாட்டு தூரத்தில கேக்கும்.
போடாட்டி எனக்குள்ளயே கேக்கும்,
நிப்பாட்ட ஒண்ணா.
ரெண்டும் சரியில்லப்பா."

விடிய, கிளினிக் நாள் இல்லாத நாளில் போனோம்.
டொக்டர் என்னை ஏசவில்லை.
ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.
கதிரையை அவன் பக்கம் திருப்பி
"பாட்டு எவ்வளவு தூரத்தில?" என்று கேட்டா.
"தேத்தாத்தீவில நிண்டா செட்டிபாளையத்தில கேக்கிற மாதிரி."
அதை அப்படியே கொப்பியில் எழுதினா.
பசியையும் எழுதினா. பொத்தானையும்.
வேறு குளிசை, வேறு உறை,
இரண்டு கிழமையில் திரும்ப வரட்டாம்.
இதுவும் சரிவருமோ என்றேன்.
"தெரியாது, பாப்பம்" என்றா.
அவ்வளவு நாளில் நான் நம்பிய முதல் வார்த்தை அது.

திரும்பும் வழியில், களுதாவளை தாண்டும்போது,
கை நீட்டிப் பாட்டைப் போட்டான்.
வெறும் வண்டி.
ஒரு அக்கா சில்லறையோடு கேற்றைத் திறந்து வந்து,
கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து எங்களை ஏசினா.
அவனுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம்,
ஒரு பக்கத்து வாயால்.

தேத்தாத்தீவு வருமுன்னம் நிப்பாட்டினான்.
நான் சொல்லவில்லை.
அவனே நிப்பாட்டினான்.