திரும்பி வரத்தான் கட்டணம்

தீவிலிருந்து பட்டர்வொர்த் போக
ஃபெரியில் காசு வாங்குவதில்லை.
திரும்பி வரத்தான் இரண்டு வெள்ளி.
யோனா, உனக்கு இது புரியும்.
தப்பி ஓடத்தான் நீயும் கூலி கொடுத்தாய்.

பிலோமினா எங்கள் சீட்டுக் காசோடு ஓடியவள்.
பதினொரு பேர், மாதம் ஐந்நூறு.
டிசம்பர் என் முறை, மகளின் கல்லூரிக்கு.
நவம்பரிலேயே அவள் எண் மாறிவிட்டது.
இப்போது செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில்
சிறுநீரகம் இரண்டும் போய்,
என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம்.
"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திடும்மா"
என்றார் பாதிரியார்,
கடைக்கு அனுப்புவதுபோல.

போனேன்.
துறைமுகக் கடையில் ஒரு கோப்பி-ஓ குடித்தேன்.
இரண்டு வெள்ளி கொடுத்துத் திரும்பிவிட்டேன்.
மறுவாரமும் அப்படியே.
புயல் ஒன்றும் வரவில்லை.
உன் கப்பலிலும் சீட்டுப் போட்டார்கள்,
உன் பேருக்கு விழுந்தது.
என் பேருக்கு விழவேயில்லை, யோனா.
இந்த நீரிணையில் திமிங்கலமும் இல்லை,
டீசல் மினுக்கத்தில் மிதந்துபோகும்
சொறிமீன்தான்.

ஊருக்குக் கிழக்கே போய் உட்கார்ந்தாயே,
ஊர் எரியும் என்று காத்து,
அந்தக் கோபத்தைப் பிரசங்கத்தில் யாரும்
சரியாகச் சொல்வதில்லை.
மீனோடு முடித்துவிடுகிறார்கள்.
அது எத்தனை சுகம் என்று எனக்குத் தெரியும்.
ஆறு வருஷம் அதில்தான் குடியிருந்தேன்.

உனக்கு ஆமணக்கு.
எனக்கு ஜெலுத்தோங் ஃபிளாட்டின் ஏழாம் மாடியில்
மிலோ டின்னில் கறிவேப்பிலை.
நேற்றுக் காலை குச்சி மட்டும் நின்றது.
அதில் ஒரு பச்சைப் புழு,
கொழுத்து, வெட்கமேயில்லாமல்.
அழுதேன்.
பக்கத்து வீட்டு ஆ லெங்
கதவைத் திறந்து பார்க்குமளவுக்கு.
அழும்போதே தெரிந்துவிட்டது
அடுத்து என்ன கேட்கப்படும் என்று.
கேள்வி வருமுன் மூக்கைச் சிந்தி
எழுந்துவிட்டேன்.

மத்தியானம் அவள் தங்கை போன் செய்தாள்.
வீட்டில் மூன்று பூனைகளாம்,
சோறு வைக்க ஆளில்லையாம்,
சாவி செருப்பு அலமாரிக்குப் பின்னால்.

இன்று மூன்றாம் தடவை.
மடியில் இரண்டு கிலோ பூனைத் தீனி.
வார்டு எண் எழுதிய தாள்
கைப்பையில் எங்கோ கிடக்கிறது.

நினிவேயில் மிருகங்களும் உண்டு என்பதுதானே
உன்னிடம் சொல்லப்பட்ட கடைசிச் சொல்.
நீ என்ன பதில் சொன்னாய் என்று
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

என்னிடமும் கேட்காதே.
பூனைகளுக்காகத்தான் போகிறேன்.