மேலும் பார்க்க

மணிமேடைக்குப் பின்னால்
கோணலாய்ப் போகும் சந்தில் எங்கள் நூலகம்.
குறிப்புநூல் அலமாரி, மூன்றாம் தட்டு:
பழைய யவன ரோம நிலங்களின் அகராதி,
இரண்டு பாகம், வெளியே கொடுப்பதற்கில்லை.
முதல் பாகம் சும்மா கனக்கும்.
இரண்டாவது
ஒக்கிக் காற்றில் ஓடு பறந்த இரவு நனைந்து
உப்பிப்போய், இன்னும் மூட மாட்டேன் என்கிறது.
விசிறிக்கு அடியில் ஒன்பது நாள் விரித்துப் போட்டேன்.
ரோம் காய்ந்தது, திராய் காய்ந்தது,
சிசிலி கடைசிவரை ஈரம்.

அதன்பிறகு எவரும் அதைக் கேட்டதில்லை.
இந்த ஆவணியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர்.

செவ்வாய்க்கிழமை ததேயுஸ்.
செருப்பில்லாத கால், பிளாஸ்டிக் உறைக்குள் மனு.
"சரக்குத் துறைமுகம் வருதாம் எங்க ஊர்ல.
கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு
வல்லதும் பழைய ஆதாரம் வேணும் டீச்சர்.
நாங்க ரெண்டாயிரம் வருசமா இங்க உண்டுன்னு
வெளிநாட்டுக்காரன் எழுதினதா இருந்தா நல்லது."
நான் டீச்சர் இல்லை. சொல்லவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
கோமார்: எட்டு வரி.
விரலை வைத்து வைத்துத் தமிழில் சொன்னேன்.
இந்தியாவின் தென்கோடி. ஒரு முனை. ஒரு துறை.
நோன்பு நோற்போர், ஆணும் பெண்ணும், வந்து நீராடி
அங்கேயே தங்கிவிடுவர்,
முன்பு தேவி ஒருத்தி அங்கே குளித்தாள் என்று.
"மீன்பிடிக்காரன்?"
இல்லை.
"ஒரு வரிகூடவா?"
இல்லை.
கொஞ்சம் யோசித்தார்.
"அவன் வந்த நேரம் நாங்க கடல்ல இருந்திருப்போம்."

பின்னட்டையில் மடித்த வரைபடம்.
விரித்தால் நம் நாட்டுக்கு முனையே இல்லை.
கரை மேற்கிலிருந்து கிழக்கே
இழுத்துக் கட்டிய கயிறாய் நேரே போகிறது.
அடியில் இலங்கை, ஆனைபோல் பெருத்து.
"இதை வரைஞ்சவன் வந்தே பாக்கல.
கடல் இங்க திரும்புறது
அணியத்துல இருக்கவனுக்குத் தூக்கத்துலயும் தெரியும்.
கரையில நின்னு கேட்டு எழுதினதாக்கும்."

சில பெயர்களுக்குப் பக்கத்தில்
சாய்வாக இரண்டு எழுத்து. என்ன என்றார்.
சுருக்கப் பட்டியலைப் பார்த்துச் சொன்னேன்:
இடம் தெரியவில்லை.
ஒக்கிக்குப் பிறகு
அவர் தம்பி பெயருக்கு நேரே
பங்குப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதினார்களாம்.
சொல்லிவிட்டுச் சில்லறை தேடினார்.
ஒரு பக்கம் செராக்ஸ், இரண்டு ரூபாய்.

வெள்ளிக்கிழமை இன்னொருவர்.
இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை:
ரகோத்தமன், ஆலோசகர்.
அலமாரி தெரியும், பக்கமும் தெரியும் அவருக்கு.
"துறை என்று போட்டிருக்கிறதே, கவனித்தீர்களா?
இங்கே துறைமுகம் புதிதல்ல மேடம்.
இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்."
அதே எட்டு வரி.
அந்த ஒரு சொல்லுக்கு மஞ்சள் மை பூசச் சொன்னார்.
நகலில் நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்றேன்.

இருவரும் கேட்காத ஒன்று கடைசி வரியில் இருந்தது.
மேலும் பார்க்க: தென்கடல் துறைகள்.

அது இரண்டாம் பாகம்.
வாசலைச் சாத்திவிட்டு எடுத்தேன்.
எழுநூற்று எழுபத்தொன்று தெரிந்தது,
திருப்பினால் எழுநூற்று எண்பது.
நடுவே ஐந்து தாளும் ஒன்றையொன்று பிடித்து
ஒரு பலகை.
நீராவி காட்டலாம். மெல்லிய கத்தி நுழைக்கலாம்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்:
எழுத்தின்மேல் எழுத்து, துறையின்மேல் துறை,
ஒரு பெயரும் தனியே வரவில்லை.

கூட்டம் பதினாறாம் தேதி.
மீனவர் மனுவில் இணைப்பு ஏழு,
கம்பெனி அறிக்கையில் இணைப்பு மூன்று,
இரண்டிலும் உண்மை நகல் என்ற முத்திரை,
இரண்டிலும் என் கையெழுத்து, பெனிற்றா.

நகல் பதிவேட்டில் ஏற்றினேன்:
பக்கம் 412, இரண்டு பிரதி, நான்கு ரூபாய்.
குறிப்பு என்ற கட்டம் மிச்சம்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
தேதியை மட்டும் இன்னொரு முறை எழுதினேன்.